முதல் குடம்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு குழாயாம். அந்தக் குழாயிலே காத்து வருமாம், கரப்பான் வருமாம், தேர்தல் வந்தா தலைவரே வருவாராம். தண்ணி மட்டும் வராதாம்.

சிரிக்கலையே தம்பி நீங்க? இந்த வரிக்குச் சிரிக்காத ஆளை நான் பார்த்ததில்லை. இடுப்புல குடத்தோட வந்து நிப்பேன். "தலைவரே வருவாராம்"ங்கிற இடத்துல குடத்தை இறக்கி வச்சுட்டு நாலு பக்கமும் ஒரு பார்வை பார்ப்பேன். அந்தப் பார்வைக்கே பாதிப் பேர் சிரிச்சுடுவாங்க. மிச்சப் பேர் தண்ணிக்குச் சிரிப்பாங்க.

உட்காருங்க. இந்த பெஞ்சு ஆடும், ஆனா விழாது. எங்க நாடகக் குழு மாதிரி. நீங்களும் உள்ளேயிருந்துதானே வர்றீங்க? நானும்தான். மருமக அமுதா ஆட்டோ பிடிக்கப் போயிருக்கா. "அத்தை, இங்கேயே இருங்க, எங்கேயும் நகரக் கூடாது"ன்னு சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போறா. எங்கே நகரப் போறேன்? எங்க நாடகமெல்லாம் எழுதற இருதயராஜ் சாருக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன். எல்லாரும் போன பிறகுதான் அவர் வெளியே வருவார். எப்பவும் அப்படித்தான். வரட்டும். ஒரே ஒரு கேள்வி கேட்கணும். அடுத்த பாகத்துல எனக்கு இடம் உண்டா, இல்லையா? அவ்வளவுதான். வேற சண்டை சச்சரவெல்லாம் எனக்கு வேண்டாம்.

நீங்க எந்த ஊர் தம்பி? லால்குடியா. நல்ல ஊர். அங்கேயும் போட்டிருக்கோம்.

'குழாயடி மகாசபை' ஆரம்பிச்சது இதே ரயில்வே இன்ஸ்டிடியூட்ல, இதே பொன்மலையில. அப்போ காலனித் தெருக்குழாய் வத்திப்போச்சு. பொம்பளைங்க நாங்க குடத்தை வரிசையா வச்சுட்டுப் போயிடுவோம். ஆள் நிக்க வேண்டாம், குடம் நின்னாப் போதும். குடம்தான் ஆள். யாராவது ஒரு குடத்தை நகர்த்திட்டா அன்னிக்குத் தெருவுல பாரதப் போர்தான். இருதயராஜ் சார் ஒர்க்ஷாப்புல சக்கரம் கடையற இடத்துல வேலை. ஷிப்டுக்கு சைக்கிள்ல போறவர், எங்க சண்டையைப் பார்த்துட்டு ஒரு காலை ஊனி நின்னுடுவார். "யக்கா, உங்ககிட்ட சட்டசபை தோத்துடும்"பார். கடைசியில அதையே நாடகமா எழுதிட்டார். வரிசையில முதல் குடம் யாருதோ அவங்க முதலமைச்சர். அடுத்த குடம் நிதி மந்திரி. ஓட்டைக் குடம் எதிர்க்கட்சி. யாராவது குடத்தைத் தூக்கிட்டு வரிசையை விட்டுப் போனா ஆட்சி கவுந்துச்சு. அன்னிக்குக் காலையில பேப்பர்ல என்ன வந்துச்சோ அது சாயங்காலம் எங்க வாயில வந்துடும். அதனால ஒரே நாடகத்தை ஜனங்க திரும்பத் திரும்ப வந்து பார்த்தாங்க. ஒரு நாள் பார்த்தது மறுநாள் இருக்காதே.

முதல் குடம் என்னுது. குடத்தம்மா. அதான் என் வேஷம். பொன்மலையில இன்னிக்கும் சௌந்தரவல்லின்னு கேட்டா யாருக்கும் தெரியாது, குடத்தம்மா வீடுன்னு கேளுங்க, கையைப் பிடிச்சுக் கொண்டாந்து விடுவாங்க. முதல்ல அந்த வேஷத்துக்கு எங்க குழுவுல இருக்கற பக்கிரிசாமிக்குத்தான் சேலை கட்டிப் பார்த்தாங்க. குடத்தை இடுப்புல வைக்கத் தெரியாம காலிலே போட்டுக்கிட்டான். நகம் பேந்துபோச்சு. பிறகுதான் சார் எங்க வீட்டுக்கு வந்தார். எங்க வீட்டுக்காரர் கூட்ஸ் வண்டி கார்டு, ராத்திரி வண்டிக்குப் போயிட்டுப் பகல்ல தூங்குறவர். தூக்கத்துலயே "சரி சரி, செய்யட்டும்"னுட்டார். முழிச்சு, சாப்பிட்டு, வெத்தலை போட்டுட்டு, "எதுக்கு நான் சரின்னேன்?"னு கேட்டார். அதுக்குள்ள நான் ஒத்திகைக்குப் போயாச்சு.

எங்க குழுவுல ரெண்டு சட்டம் உண்டு தம்பி. ஒண்ணு, முன் வரிசையில நடு நாற்காலி காலியா இருக்கணும். அதுமேல ஒரு சால்வை. அன்னிக்கு யாரைக் கிண்டல் பண்றோமோ அவங்களுக்கான நாற்காலி அது. வெத்தலை பாக்கோட ஆள் அனுப்பி முறையாக் கூப்பிடுவோம். "முதுகுக்குப் பின்னால பேசினா அது புரளி, முகத்துக்கு நேரே பேசினாத்தான் நாடகம்"னு சார் சொல்வார். யார் வருவாங்க? யாரும் வரமாட்டாங்க. ஒரே ஒரு தடவை ஒரு கவுன்சிலர் வந்துட்டார். சம்சாரத்தோட. சால்வையை எடுத்துப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்தார் பாருங்க, எங்களுக்கெல்லாம் நாக்கு ஒட்டிக்கிச்சு. ஆனா விழுந்து விழுந்து சிரிச்சார் மனுஷன். அவர் சம்சாரம் இன்னும் அதிகமாச் சிரிச்சாங்க. மறுநாள் காலையில குழாய்ல தண்ணி கொட்டுது! பதறிப் போயிட்டோம். தண்ணி வந்துட்டா நாடகம் எங்கே? நல்லவேளை, வாரம் முடியறதுக்குள்ள நின்னுபோச்சு.

இப்பவாவது சிரிச்சீங்களே. நன்றி.

ரெண்டாவது சட்டம், கடைசி ஆள் எழுந்து போற வரைக்கும் திரை இறங்கக் கூடாது. மழையில ஜனமெல்லாம் ஓடிப்போய் ஒரே ஒரு ஆள் குடையோட உட்கார்ந்திருந்தாலும் அந்த ஆளுக்காக ஆடணும். ஆடியிருக்கோம். மணப்பாறையில ஒரு தடவை அப்படி ஒருத்தருக்காக முழு நாடகத்தையும் ஆடி முடிச்சோம். பிறகு பார்த்தா அவர் பந்தல்காரர், பந்தலைப் பிரிக்கக் காத்துக்கிட்டு இருந்திருக்கார்.

அப்புறம் ரெண்டாம் பாகம். 'மீண்டும் மகாசபை'. எமர்ஜென்சி நேரம். அதைப் பேசக் கூடாது, இதைப் பேசக் கூடாதுன்னாங்க. சார் யோசிச்சார். "அப்போ பேச வேண்டாம்"னுட்டார். நாடகம் பூராவும் குடச் சத்தம்தான். எனக்கு மட்டும் அந்த முதல் வரி. வந்து நிப்பேன். வாயைத் திறப்பேன். அந்தக் காலி நாற்காலியைப் பார்ப்பேன். வாயை மூடிக்குவேன். அவ்வளவுதான் தம்பி, கொட்டகையே இடிஞ்சு விழற மாதிரி சிரிப்பு. ஒரு சொல்லும் சொல்லாம அப்படி ஒரு சிரிப்பை வாங்கணும்னா சும்மாவா?

மூணாம் பாகம், 'குழாயடி விசாரணைக் கமிஷன்'. குழாயையே யாரோ திருடிட்டுப் போயிடறாங்க. திருடினது யாருன்னு கண்டுபிடிக்க ஒரு கமிஷன் வருது. நீதிபதி வேஷம் சாருக்கு. கமிஷன் குளிக்கறதுக்கு லாரி லாரியாத் தண்ணி வருது, விசாரணை மட்டும் நடந்துக்கிட்டே இருக்கு. தஞ்சாவூர், கரூர், மெட்ராஸ் சபாக்கள் எல்லாம் போனோம். வருஷக் கணக்கா ஓடுச்சு. ஜனங்க என்னை பஸ்ஸுல பார்த்தா எழுந்து இடம் விடுவாங்க, "முதல் குடத்துக்கு வழிவிடுங்கப்பா"ன்னு.

அங்கேதான் தம்பி சாருக்கு என் மேல பொறாமை வந்துடுச்சு.

இல்லை, நான் சும்மா சொல்லலை. கேளுங்க. அந்தக் கடைசி வருஷம், ஒரு நாள் குடத்தை எடுக்கறேன், கழுத்துக்கு உள்பக்கமா ஏதோ ஒட்டியிருக்கு. பார்த்தா வசனம். என் வசனம். பெருசு பெருசா, சாரோட கையெழுத்துல. எனக்குப் புரியலை. பிறகு யோசிச்சேன், தேன்மொழிக்காக ஒட்டியிருப்பாங்கன்னு. தேன்மொழி புதுசா வந்த பொண்ணு, ஆர்மோனியக்காரர் மக, ரெண்டாம் குடம் அவளுது. சின்னப் பொண்ணுதானே, மறந்துடும். ஆனா அதை ஏன் என் குடத்துல ஒட்டணும்? அவ குடத்துலதானே ஒட்டணும்? எனக்கெதுக்கு அது? என் வாழ்க்கையில ஒரு வரி மறந்தது கிடையாது. கிழிச்சுப் போட்டேன். மறுநாள் மறுபடியும் ஒட்டியிருந்துச்சு.

நீங்க எந்த ஊர்னு கேட்கவே இல்லையே நான். லால்குடியா! அங்கேயும் போட்டிருக்கோம் நாங்க.

கரூர்ல நடந்ததைக் கேளுங்க. கமிஷன் நாடகம். சார் கறுப்புக் கோட்டு போட்டு நீதிபதியா உட்கார்ந்திருக்கார். நான் கூண்டுல நிக்கறேன். திடீர்னு எனக்கு ஒரு உற்சாகம். "ஏய், குழாயை யாரும் தொடாதே! முதல் குடம் என்னுது!"ன்னு ஒரு போடு போட்டேன். அது முதல் பாகத்து வசனம் தம்பி. மேடையில குழாயே இல்லை, அதான் திருட்டுப் போச்சே. எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க. பக்கிரிசாமி முழிக்கறான். தேன்மொழி கையைப் பிசையறா. நான் விடலை, அடுத்த வசனத்தையும் சொன்னேன். உடனே சார் எழுந்தார். கோட்டைக் கழட்டி நாற்காலி மேல போட்டார். துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, முதல் பாகத்துல வர்ற குழாய் திறந்துவிடற வாட்டர்மேனாவே ஆயிட்டார். "தொடலைம்மா தாயே, தொடலை"ன்னு கூழைக் கும்பிடு போட்டார். அவ்வளவுதான், பக்கிரிசாமி முதல் பாகத்துக் கவுன்சிலர் வேஷத்துக்கு மாறிட்டான், எல்லாரும் வரிசையில வந்து குடத்தை வச்சாங்க. கமிஷன் போச்சு, மகாசபை கூடிடுச்சு! நான் ஒருத்தி இழுத்த இழுப்புக்கு மொத்த நாடகமும் பின்னாலேயே வந்துச்சு தம்பி. கரூர் ஜனங்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

முடிஞ்சு உள்ளே போனோம். தேன்மொழி மூலையில திரும்பி உட்கார்ந்துக்கிட்டா. சார் அந்தக் கோட்டை மடிச்சு மடியில வச்சுக்கிட்டு அதையே தடவிக்கிட்டு இருந்தார். "என்ன சார், அருமையா அமைஞ்சுதே இன்னிக்கு"ன்னேன். நிமிர்ந்து பார்த்தார். "அருமையாத்தான் யக்கா அமைஞ்சுது"ன்னார். கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு. பொறாமை இல்லாம வேற என்ன?

அதுக்கப்புறம் கொஞ்ச நாள் நாடகமே இல்லை. ஒரு நாள் சார் வீட்டுக்கு வந்தார். அமுதாவும் அவரும் சமையல்கட்டுல குசுகுசுன்னு ஏதோ பேசிக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடியே அவ என்னை அடுப்புப் பக்கம் விடறதை நிறுத்திட்டா, மருமக ராஜ்யம். சார் என்கிட்ட வந்து, "யக்கா, சிரிச்ச மாதிரி நல்ல படம் ஒண்ணு குடுங்க. நாலாம் பாகத்துக்கு வேணும்"னார். போஸ்டருக்குன்னு நினைச்சேன். குடத்தோட ஸ்டுடியோவுல எடுத்த படத்தைத் துடைச்சுக் குடுத்தேன்.

நாலாம் பாகம், 'குழாயில்லா மகாசபை'. தெருக்குழாயே போயாச்சு, எல்லாம் கேன் தண்ணி. இந்தக் காலத்துக் கதை. எனக்கு என்ன வேஷம்னு கேட்டா, "வாங்க, முதல் நாள் வந்து பாருங்க"ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் உட்கார வச்சார். எங்கே தெரியுமா? அந்த நடு நாற்காலியில. சால்வையை எடுத்து அவர் கையாலேயே எனக்குப் போர்த்திவிட்டார். நாங்க கிண்டல் பண்ற ஆளுக்குன்னு வச்ச நாற்காலி தம்பி அது. அதுல என்னை உட்கார வச்சார். திரை போச்சு மேலே. மேடை நடுவுல என் படம். மாலை போட்டு, பொட்டு வச்சு, கீழே விளக்கு.

உயிரோட இருக்கற பொம்பளை படத்துக்கு மாலை போடலாமா? நீங்களே சொல்லுங்க. அதுவும் காகித மாலை.

குடத்தம்மா செத்துப்போனாளாம். வரிசையில நின்னபடியே போயிட்டாளாம். ஆனா அவ குடத்தை யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. மேடையில எல்லாரும் பிளாஸ்டிக் கேனோட நிக்கறாங்க, முன்னாடி என் பித்தளைக் குடம். ஏதாவது சண்டை வந்தா, எல்லாரும் அந்தக் குடத்துக்கிட்ட வந்து கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. "குடத்தம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பா?"ன்னு கேட்பாங்க. அதுக்கப்புறம்தான் ஒரு முடிவுக்கு வருவாங்க. ஒரு அவசரக்காரன் வந்து குடத்தைத் தள்ளி வைக்கப் போறான், பக்கிரிசாமி பாய்ஞ்சு வந்து, "முதல் குடம் அவளுது. தண்ணி வந்தாலும் வராட்டியும் அவளுது"ங்கறான். ஜனங்க கண்ணைத் துடைச்சுக்கறாங்க. எனக்கு வயிறு எரியுது. என் குடம் மேடையில நடிக்குது, நான் கீழே உட்கார்ந்து பார்க்கறேன்!

இதுல ஒரு வேடிக்கை தம்பி. மறதி அவருக்குத்தான். ஆரம்பத்துல மேடை ஓரத்துக்கு அவர்தான் வருவார், என் வரியைச் சொல்ல. "ஒரே ஒரு ஊரிலே…"ம்பார். நின்னுடுவார். அப்படியே முழிப்பார். என்னைப் பார்ப்பார். எழுதினதே அவர்தான், முதல் வரி மறந்துபோச்சு! பார்த்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா? நான்தான் கீழேயிருந்து எடுத்துக் குடுப்பேன். முழு வரியும், காத்து, கரப்பான், தலைவர், எல்லாம். சொல்லி முடிச்சதும் கைதட்டுவாங்க பாருங்க, எழுந்து நின்னு கைதட்டுவாங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, நாடகம் நடந்த எல்லா நாளும் மறந்தார். ஆட்டோ வச்சு என்னைக் கூட்டிட்டுப் போனதே அதுக்குத்தான் போல. பாவம், வயசாச்சு. என்கிட்டயே கடன் வாங்கிப் பேசற வாய், என்னைச் சாகடிச்சுடுச்சே. அதுதான் ஆறமாட்டேங்குது.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "சார், நான் எப்போ திரும்ப வருவேன்? கதையிலதானே செத்தேன்?" அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அஞ்சாம் பாகத்துல வருவீங்க யக்கா"ன்னார். "மேலோகத்துல ஒரு குழாயடி. செத்தவங்க எல்லாரும் அங்கே வரிசை கட்டி நிக்கறாங்க. அங்கேயும் தண்ணி வராது. முதல் குடம் உங்களுது." "கூட யாரு நடிக்கறா?"ன்னேன். "நான் வர்றேன் யக்கா. முன்னாலேயே போய் உங்க குடத்துக்கு இடம் பிடிச்சு வைக்கிறேன்"னார்.

இப்போ புரியுதா ஏன் உட்கார்ந்திருக்கேன்னு? உள்ளே பார்த்தீங்கதானே? அவர் படத்துக்கும் மாலை போட்டாச்சு! சொன்னபடியே செஞ்சுட்டார் மனுஷன். அஞ்சாம் பாகம் ஆரம்பிச்சாச்சு. மேடையில வரிசையா நின்னு ஒவ்வொருத்தரும் அவரைப் பத்திப் பேசினாங்க பாருங்க, அதுதான் முதல் காட்சி. பக்கிரிசாமி என்னமா அழுதான்! அவனுக்கு மேடையில அழவே வராது தம்பி, வெங்காயம் வச்சுத்தான் அழ வைப்போம். இன்னிக்கு வெங்காயமே இல்லாம அழுதுட்டான். கடைசி காலத்துலயாவது நடிப்பு வந்துச்சே.

ஆனா ஓரவஞ்சனை பாருங்க. எனக்குக் காகித மாலை. அவருக்கு ரோஜாவும் சம்பங்கியுமா நிஜ மாலை. கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இருந்துச்சு. தேனீ ஒண்ணு சுத்துச்சு. மேடை மாலையில எதுக்குத் தம்பி தேனீ வருது?

அப்புறம் தேன்மொழி வந்தா. படத்துக்குப் பக்கத்துல நின்னு, "ஒரே ஒரு ஊரிலே…"ன்னா. நின்னுட்டா. அவளுக்கும் மறதி தொத்திக்கிச்சு. என்னைப் பார்த்தா. நான் எழுந்து சொன்னேன், நீங்களும் கேட்டிருப்பீங்க. ஒரு எழுத்து பிசகாம சொன்னேன். ஒருத்தர் கை தட்டலை தம்பி. ஒருத்தர் சிரிக்கலை. எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. தேன்மொழி கீழே இறங்கி வந்து என் மடியில முகத்தை வச்சுக்கிட்டா. "குடத்தம்மா, குடத்தம்மா"ன்னு தேம்பறா. என் இடத்தை எடுத்துக்கிட்ட குத்த உணர்ச்சி, வேற என்ன. தலையைத் தடவிக் குடுத்தேன். "அழாதேடி, அஞ்சாம் பாகத்துல நான் வந்துடறேன்"னேன். அதுக்கு இன்னும் அழறா.

நீங்க ஏன் தம்பி கண்ணைத் துடைக்கறீங்க? தூசியா? இந்த இன்ஸ்டிடியூட்டே ஒரே தூசிதான்.

வேஷம் கலைக்க இவ்வளவு நேரமா அவருக்கு? எல்லாரும் வந்துட்டாங்களே. பக்கிரிசாமி போயிட்டான். அதோ, வாட்ச்மேன் கதவைச் சாத்தறான் பாருங்க. என்னப்பா இது, பூட்டே போடறான். தம்பி, நீங்க குரல் குடுங்க, உள்ளே ஆள் இருக்கார்னு சொல்லுங்க. என் குரல் அவ்வளவு தூரம் போகாது. சொல்லுங்களேன்.

ஏன் தம்பி தரையைப் பார்க்கறீங்க?

சரி விடுங்க. பின் பக்கம் ஒரு வழி உண்டு. அவர் அந்தப் பக்கமாப் போயிருப்பார். இடம் பிடிக்கறேன்னு சொன்னாரே, முன்னாலேயே போயிருப்பார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். அவ்வளவுதான் என் வருத்தம். "யக்கா, போறேன்"னு ஒரு வார்த்தை. சைக்கிள்ல போகும்போது சொல்வாரே, அந்த மாதிரி.

எழுந்துட்டீங்களா? லால்குடி பஸ்ஸா? இருங்கன்னு சொல்ல மாட்டேன். ஆளைப் பிடிச்சு உட்கார வச்சா அது நாடகம் இல்லைம்பார் சார். அமுதா இப்போ வந்துடுவா, நீங்க கவலைப்படாமப் போங்க. போற வரைக்கும் நான் சொல்லிக்கிட்டு இருக்கேன். அதுதானே சட்டம். நடந்துக்கிட்டே கேளுங்க.

ஒரே ஒரு ஊரிலே…

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு…

எடுத்துக் குடுங்க தம்பி. நாக்கு நுனியில நிக்குது.

தம்பி?

கேட்டைத் தாண்டிட்டார்.

கடைசி ஆளும் போயாச்சு சார். திரையை இறக்கலாம்.